பதினாறு புள்ளிக்கு இரண்டு நிறம்

வெள்ளை உருண்டை

பூமி வெள்ளையாக இருந்தது. மேகம் மூடிய வெள்ளை அல்ல. சுண்ணாம்பில் முக்கியெடுத்த பந்து போல, ஒரு கோடுகூட இல்லாத வெள்ளை. வெயில் ஒரு பக்கமும் இருட்டு மறுபக்கமும் சரியாகவே விழுந்திருந்தன. பின்னால் நட்சத்திரங்களும் அதனதன் இடத்தில் இருந்தன. மவுஸை நகர்த்தி நிலாவுக்குப் போனேன், அதுவும் வெள்ளை. செவ்வாயும் வெள்ளை.

ஜெயசீலி டீச்சர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இம்தியாஸ், உலகத்துக்கே வெள்ளையடிச்சு வெச்சிருக்கீங்க" என்றார். சிரிக்கவில்லை.

அப்போது நான் வேலூரில், பாகாயம் போகிற வழியில் இருந்த ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் சிஸ்டம் அட்மின். அதற்கு முன்னால், தொண்ணூறுகள் முழுவதும், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவான ஈ.டி.பி. செக்‌ஷனில் இருந்தேன். அங்கே தோல் ஸ்டாக், சதுர அடிக் கணக்கு, ஷிப்மெண்ட் பேப்பர்கள். இங்கே நாற்பது பிள்ளைகள் உட்காரும் ஒரு லேப். நான் வேலையில் சேர்ந்தபோது அந்த லேப் மெஷின்கள் அத்தனையிலும் இருந்தது காப்பி சாஃப்ட்வேர். லைசென்ஸ் ஒன்றுகூடக் கிடையாது. அது சரியில்லை என்று தாளாளரிடம் போய்ப் பேசி, லேப் முழுவதையும் லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்துக்கு மாற்றியவன் நான்தான். டீச்சர்கள் பலருக்கு அதில் பேஜார். பழகிய மெனு பழகிய இடத்தில் இல்லை, பிரிண்டர் சண்டித்தனம் செய்கிறது என்று தினமும் ஒரு புகார் வரும்.

அதில் ஜெயசீலி டீச்சரின் புகார் மட்டும் வேறு மாதிரி. அவர் பிசிக்ஸ் டீச்சர். வருஷா வருஷம் பள்ளி எக்ஸிபிஷனில் ஹாலை இருட்டாக்கி, புரொஜெக்டர் வைத்து, ஒரு விண்வெளி சாஃப்ட்வேரை ஓட்டி, ஊர் ஜனங்களைக் கோள் கோளாகக் கூட்டிக்கொண்டு போவார். அந்த வருஷத்தோடு அவருக்கு ரிட்டயர்மெண்ட். அதே சாஃப்ட்வேர் லினக்ஸிலும் இலவசமாகக் கிடைக்கும், ஒரு வித்தியாசமும் தெரியாது என்று நான் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

தாளாளர் அதிகம் பேசமாட்டார். எங்கள் இருவரையும் கூப்பிட்டு, எக்ஸிபிஷன் ஒழுங்காக நடந்தால் லினக்ஸ் இருக்கட்டும், இல்லாவிட்டால் லீவில் லேப்பைப் பழையபடி மாற்றிவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். எக்ஸிபிஷனுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

ஐகானை அமுக்கினால் உண்மை தெரியாது

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு சாஃப்ட்வேர் ஒழுங்காக ஓடவில்லை என்றால் முதலில் அதன் ஐகானை விட்டுவிடுங்கள். டெர்மினல் என்கிற எழுத்து ஜன்னலைத் திறந்து, அதன் பெயரை டைப் செய்து ஓட்டுங்கள். ஐகானில் ஓட்டும்போது விழுங்கிவிடுகிற வார்த்தைகளை எல்லாம் அது அங்கே கொட்டும்.

அன்றைக்கு நான் அதைச் செய்யவில்லை. ஃபைல்கள் கெட்டுப் போயிருக்கும் என்று நினைத்தேன். டீச்சர் தன் கோள் படங்களைச் சில வருஷங்களாகச் சேர்த்து ஒரு சி.டி.யில் வைத்திருந்தார். சாஃப்ட்வேரோடு வரும் படங்கள் சின்னவை. மானிட்டரில் பரவாயில்லை, ஹால் சுவரில் போட்டால் ஈரத்துணியில் கரைந்த சாயம் போலிருக்கும். டீச்சரின் படங்கள் பெரியவை, கூர்மையானவை.

கோள் படம் என்பது ஒரு தட்டையான படம்தான். ஷூ கம்பெனியில் லாஸ்ட் என்கிற கால் அச்சின் மேல் தோலை இழுத்துப் போர்த்துவார்கள். அதே மாதிரி சாஃப்ட்வேர் ஒரு வெறும் உருண்டையைச் செய்து, அதன் மேல் இந்தப் படத்தைப் போர்த்தும். இதை டெக்ஸ்ச்சர் என்பார்கள். எங்கள் உருண்டைகள் தோல் போர்த்தாத அச்சுகளாக நின்றன.

சி.டி.யிலிருந்து மறுபடி காப்பி செய்தேன். வேறு சி.டி. டிரைவில் போட்டுப் பார்த்தேன். சாஃப்ட்வேரையே நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். எல்லாம் வெள்ளை. அதற்குப் பிறகுதான் டெர்மினலில் ஓட்டினேன். ஒவ்வொரு கோளுக்கும் ஒரு வரி வந்தது: சுருக்கப்பட்ட டெக்ஸ்ச்சர், இந்த சிஸ்டத்தில் ஆதரவு இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை அது முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

டீச்சரின் படங்கள் எல்லாம் டிடிஎஸ் ஃபைல்கள். சாதாரணப் புகைப்பட ஃபைல் போல அல்லாமல், சுருக்கி வைத்த நிலையிலேயே கிராஃபிக்ஸ் கார்டுக்குள் போய், அங்கேயே விரிகிற வகை. சாஃப்ட்வேரோடு வந்த சின்னப் படங்கள் சாதாரண வகை. அதனால்தான் அவை தெரிந்தன, இவை தெரியவில்லை. ஆனால் இதே மெஷினில், லினக்ஸுக்கு முன்னால், இதே ஃபைல்கள் அழகாகத் தெரிந்திருக்கின்றன. டீச்சர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் உண்மையில் வந்தது ஆசை. ஒரே மெஷின், ஒரே ஃபைல், ஒரே சாஃப்ட்வேர். எங்கேதான் வழி மறிக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

ஆம்பூரில் பூமி நீலமாக இருந்தது

ஆம்பூரில் என் பழைய கம்பெனியின் டிசைன் ரூமில் முரளி இருந்தான். என்னோடு வேலை பார்த்தவன், லினக்ஸ் பைத்தியம். ஷூ டிசைன்களை முப்பரிமாணத்தில் காட்டுவதற்காக அவன் மெஷினில் தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தார்கள். அதிலேயே ஓர் ஓரத்தில் லினக்ஸும் வைத்திருந்தான். சனிக்கிழமை பள்ளி விட்டதும் சி.டி.யை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாதனூர் தாண்டும்போது ஷிஃப்ட் முடிந்த பெண்களை இறக்கிவிட்டபடி கம்பெனி பஸ்கள் எதிரே வந்துகொண்டிருந்தன.

"இன்னா பாய், பூமிய எடுத்துக்கினு வந்துட்ட" என்றான் முரளி.

அவன் மெஷினில் போட்டோம். நீலக் கடல், பழுப்பு ஆப்பிரிக்கா, பனி போர்த்திய இமயமலை. அவனிடம் இருந்ததும் என் லேப்பில் இருந்த அதே லினக்ஸ்தான். ஃபைல் நல்ல ஃபைல், லினக்ஸும் நல்ல லினக்ஸ். மிச்சம் இருந்த வித்தியாசம் கார்டும், அதை ஓட்டும் டிரைவர் என்கிற சின்ன சாஃப்ட்வேரும்.

முரளி இன்டர்நெட்டில் தேட ஆரம்பித்தான். அந்தக் காலத்து வேகத்தில் ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். கடைசியில் ஒரு மன்றத்தில் யாரோ ஒருவர் என் கேள்வியையே கேட்டிருந்தார். இந்தச் சுருக்கும் முறைக்கு ஒரு கம்பெனி காப்புரிமை வைத்திருக்கிறதாம். கார்டு செய்கிறவர்கள் அனுமதி வாங்கித் தங்கள் சொந்த டிரைவரில் சேர்த்துக்கொள்கிறார்கள். முரளியின் கார்டுக்கு அப்படிப்பட்ட டிரைவர். என் லேப்பில் இருந்தவை போர்டிலேயே ஒட்டிய சாதாரண கிராஃபிக்ஸ். அவற்றுக்கான லினக்ஸ் டிரைவர் எல்லோரும் சேர்ந்து திறந்த முறையில் எழுதியது. அதில் இந்த முறையைச் சேர்க்க எழுதியவர்களுக்குத் தைரியம் இல்லை. என் சிப்புக்கு அந்தப் படத்தை விரிக்கத் தெரியும். டிரைவர்தான் அதற்குச் சொல்லாமல் நிற்கிறது.

தனியாக ஒரு லைப்ரரி, அதாவது டிரைவரோடு சேர்ந்துகொள்கிற சின்ன புரோகிராம் துண்டு, கிடைக்கிறது, போட்டுக்கொண்டால் எல்லாம் தெரியும் என்றும் அதில் இருந்தது. கூடவே, உங்கள் நாட்டுச் சட்டத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் ஒரு வரி.

"போட்ரு பாய். உன் லேபுக்கு எவன் வந்து பாக்கப் போறான்?" என்றான் முரளி.

யாரும் வரமாட்டார்கள்தான். ஆனால் யாரும் வந்து பார்க்காத அந்தக் காப்பி சாஃப்ட்வேர் வேண்டாம் என்று சொல்லித்தானே நான் அந்த லேப்பையே மாற்றினேன். நம் நாட்டில் அந்தக் காப்புரிமை செல்லுமா, செல்லாதா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. லைப்ரரியை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டேன். அதோடு, படம் எப்படிச் சுருக்கப்படுகிறது என்று விவரிக்கும் நாலு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன்.

சஹாராவைத் தேடிப் போனது

திங்கட்கிழமை டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லைப்ரரி இருப்பதையும், அதைப் போட எனக்கு மனமில்லை என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த நாலு பக்கத்தை வாங்கி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்தார். லஞ்ச் முடிந்து லேப்புக்கு வந்தவர் நேராகக் கரும்பலகைக்குப் போனார்.

"இது ப்ளஸ் டூ பிள்ளைங்க போடற கணக்கு தான் இம்தியாஸ்" என்றார்.

படத்தை நாலுக்கு நாலு கட்டமாக வெட்டுகிறார்கள். ஒரு கட்டத்தில் பதினாறு புள்ளி. பதினாறு புள்ளிக்கும் பதினாறு நிறத்தை எழுதி வைத்தால் இடம் ஜாஸ்தி. அதனால் இரண்டே இரண்டு நிறத்தை மட்டும் எழுதுகிறார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே இன்னும் இரண்டு நிறத்தைக் கணக்குப் போட்டு வருவித்துக்கொள்ளலாம்: முதல் நிறத்துக்குச் சற்றுக் கிட்டே ஒன்று, இரண்டாவதற்குச் சற்றுக் கிட்டே ஒன்று. ஆக நாலு. பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் இந்த நாலில் எது என்று ஒரு எண். அவ்வளவுதான் சுருக்கம்.

ஒரு கட்டத்தைக் கையால் பிரித்துப் பார்க்கலாம் என்றார் டீச்சர். நான் பூமி ஃபைலைத் திறந்து, தலைப்புப் பகுதியைத் தாண்டி, முதல் கட்டத்தின் எட்டு பைட்டுகளை வாசித்தேன். அவர் பலகையில் எழுதி, சிவப்பு பச்சை நீலம் என்று பிரித்து, நடு நிறங்களைக் கணக்கிட்டார். விடை வந்தது. பதினாறு புள்ளியும் ஏறக்குறைய வெள்ளை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படத்தின் முதல் மூலை வடதுருவம். அங்கே பனிதான் இருக்கும். கணக்கு சரியா, இல்லை வழக்கம்போல வெள்ளையா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பள்ளியில் ஜெயசீலி டீச்சர் வாய்விட்டுச் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"பனி வேணாம். பாலைவனத்துக்குப் போவோம்" என்றார்.

சஹாராவின் அட்சரேகை, தீர்க்கரேகையை அவர் அட்லஸில் எடுத்தார். படத்தின் அகலம் முந்நூற்றறுபது டிகிரி, உயரம் நூற்றெண்பது. அதை வைத்து எத்தனையாவது கட்டம் என்று அவர் கணக்கிட, ஃபைலில் எந்த பைட் என்று நான் கணக்கிட்டேன். அங்கே போய் எட்டு பைட்டை வாசித்தேன். அவர் எழுதினார். சிவப்பு நிறைய வந்தது. பச்சை அதைவிடக் கொஞ்சம் கம்மி. நீலம் ரொம்பக் கம்மி.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "மணல்" என்றார்.

மானிட்டரில் ஒன்றும் இல்லை. கரும்பலகையில் எண்கள் மட்டும். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லைப்ரரி இருந்த ஃப்ளாப்பி என் டிராயரிலேயே கிடந்தது. படங்களை நாங்களே பிரித்து, சாதாரண ஃபைலாக எழுதிவிடுவது என்று முடிவு செய்தோம். நாமே பிரிப்பதும் அந்தக் காப்புரிமைக்குள் வருமா என்று டீச்சரைக் கேட்டேன். பலகையில் போட்ட கணக்குக்கு யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்றார். வக்கீல் ஒருவர் இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். எங்களுக்குத் தெரிந்தவரை அது நேர்மையாகப் பட்டது.

நீலச் செவ்வாய்

சி மொழியில் புரோகிராம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. பலகையில் டீச்சர் போட்ட கணக்கையே வரிக்கு வரி எழுதினேன். முதலில் செவ்வாயை ஓட்டினோம். செவ்வாய் வந்தது. பள்ளம், மேடு, துருவத்துப் பனி எல்லாம் வந்தன. ஆனால் கோள் முழுக்க நீலம்.

நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர், கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும், பார்க்கணும் என்றார். நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்த நீலச் செவ்வாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கிறதா என்று கேட்டார். அதேதான். நான் எழுதிய ஃபைல் வகையில் நீலத்தைத்தான் முதலில் எழுத வேண்டும். நான் சிவப்பை முதலில் எழுதியிருந்தேன். ஒரு வரியைத் திருத்தியதும் செவ்வாய் சிவந்தது.

அடுத்த தொல்லை மெமரி. சுருக்கிய படம் பிரித்தவுடன் எட்டு மடங்கு இடம் கேட்டது. எங்கள் போர்டு கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, மெஷினுடையதைக் கடன் வாங்கித்தான் ஓடும். முழு அளவில் பூமியைப் போட்டால் சுற்றுவதற்குப் பதிலாக நின்று நின்று நகர்ந்தது. படங்களை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கினேன். கூர்மை கொஞ்சம் போனது, ஓட்டம் வந்தது. டீச்சரின் முகம் வாடியதை நான் கவனித்தேன். முன்பு இருந்த மாதிரியே இருக்கும் என்று நான் கொடுத்த வாக்கை என்னால் முழுசாகக் காப்பாற்ற முடியவில்லை. அதை அவரிடமே சொன்னேன். சாஃப்ட்வேரோடு வந்ததைவிட இது தேவலை என்று மட்டும் சொன்னார்.

எந்தெந்தக் கோள் ஷோவில் வரும் என்று அவர் சொல்ல, அவற்றை மட்டும் மாற்றினேன். நேரம் அவ்வளவுதான் இருந்தது.

ஹாலில் நடந்தது

எக்ஸிபிஷன் அன்று ஹால் நிறைந்துவிட்டது. தாளாளர் பின்வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் கீபோர்டில், டீச்சர் மைக்கில். பூமி வந்தது, நிலா வந்தது, செவ்வாய் வந்தது. வியாழன் வந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், அதற்கு நிறைய நிலா இருக்கிறதாமே, ஒன்றைக் கிட்டப் போய்க் காட்டுங்களேன் என்றார்.

அது எங்கள் திட்டத்தில் இல்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். முடியாது என்று தலையாட்டினேன். அவர் மைக்கில், "போவோம்" என்றார்.

போனேன். ஹால் சுவர் முழுக்க ஒரு வெள்ளை உருண்டை. இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் பார்த்த அதே வெள்ளை. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. யாரோ, லைட் போச்சா என்றார்கள். பின்வரிசையைப் பார்க்கத் துணிவில்லை.

டீச்சரின் குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"இந்த நிலா நெஜத்துல வெள்ளை கெடையாது. இதோட படம் இங்கதான் இருக்கு. ஆனா எங்க கம்ப்யூட்டருக்கு அதப் படிக்கத் தெரியல. மத்ததெல்லாம் எப்படிப் படிக்க வெச்சோம்னு இந்த சார் சொல்லுவாரு."

விளக்கைப் போடச் சொல்லிவிட்டு மைக்கை என் கையில் கொடுத்தார். ஈ.டி.பி. செக்‌ஷனில் பத்து வருஷம் திரையோடு மட்டுமே பேசிப் பழகியவன் நான். ஹால் ஓரத்தில் இருந்த கரும்பலகையில் நாலுக்கு நாலு கட்டம் போட்டேன். முதல் சில வாக்கியங்கள் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சஹாரா கதைக்கு வந்தபோது கூட்டம் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தது. எண்களைச் சொல்லி, இது என்ன நிறமாக இருக்கும் என்று கேட்டேன். மணல் என்று பல குரல்கள் ஒரே சமயத்தில் வந்தன.

ஷோ முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தாளாளர் வந்தார். லினக்ஸ் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்தப் பதினாறு புள்ளி விஷயத்தைப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். லேப் மாறாது என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை வகுப்பு அங்கே தொடங்கியது. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் அதை விடவில்லை.

வழியனுப்பு விழா

ஜெயசீலி டீச்சருக்கு ஏப்ரலில் வழியனுப்பு விழா வைத்தார்கள். மேடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. யார் யாரோ அவர் சேவையைப் பற்றிப் பேசினார்கள். மாலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். திடீரென்று என் பக்கம் சாய்ந்தார்.

"இம்தியாஸ், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ரெண்டு நிறத்த எழுதி வெச்சிருக்காங்க, நாம பிரிச்சோம், சரி. ஆனா பதினாறு புள்ளியில எந்த ரெண்டு நிறம்னு மொதல்ல யாரு முடிவு பண்ணது? எப்படிப் பண்ணாங்க?"

நான் யோசித்தேன். பிரிப்பதற்கு ஒரு வழிதான். பலகையில் ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது. ஆனால் சுருக்கிக் கட்டுகிறவனுக்குப் பதினாறு வெவ்வேறு நிறம் முன்னால் நிற்கும். எந்த இரண்டை வைத்தால் மிச்சம் பதினாலுக்கும் குறைந்த சேதம்? எத்தனையோ ஜோடிகள் இருக்கின்றன. எது நல்லது என்று எதை வைத்துச் சொல்வது? அந்த நாலு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானும் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. படம் தெரிந்துவிட்டது, வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டேன்.

தெரியவில்லை டீச்சர் என்றேன்.

"எனக்கும் தெரியல" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது அதுதான். கோளாறு சரியானவுடன் மூடி வைத்துவிடாதீர்கள். அதற்கு அந்தப் பக்கத்தில்தான் நல்ல கேள்வி இருக்கும்.

மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் கேட்கவில்லை. அழைப்பிதழின் பின்பக்கத்தில் நாலுக்கு நாலு கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். நான் என் பேனாவை எடுத்தேன்.